மாஸ்க் கழுவிய தண்ணீர்

இஞ்ஞாசி, காரைக்காலில் கொம்யூன் பஞ்சாயத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்குத்தான் ஓய்வு, அவருடைய மூக்குக்கு இல்லை. அவர் குடியிருக்கும் கோவில்பத்தில் எந்தச் சாக்கடை அடைத்துக்கொண்டாலும், எந்த வீட்டுத் தொட்டியில் பாசி பிடித்தாலும் முதலில் தெரியவருவது அவருக்குத்தான். உடனே ஒரு கையில் பிளீச்சிங் பவுடரும் இன்னொரு கையில் கிருமிநாசினிப் பாட்டிலுமாகப் போய் நின்றுவிடுவார். தெருவில் அவருக்கு 'பிளீச்சிங் சார்' என்று பெயர். கேலி என்று தெரியாதவர் அல்ல. ஆனாலும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த மருந்து வாடையிலேயே புழங்கியவர். ஊரார் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடத்தில் அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "இப்பதான் சுத்தமா இருக்கு" என்பார். வாடை என்றாலே அவருக்கு மற்றவர்கள் வீட்டிலிருந்து வருவது.

அவர் மனைவி சலோமி பங்குக் கோவில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்கு அவள்தான் பாட்டெடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் எடுத்தால்தான் பின்னால் இருக்கும் ஆண்கள் கூட்டமும் வாயைத் திறக்கும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி படுத்தால் விடும் குறட்டை அடுத்த வீடு வரை கேட்கும். "பகல்ல மாதாவுக்குப் பாடுறா, ராத்திரி எனக்குப் பாடுறா" என்று இஞ்ஞாசி உறவுக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரிப்பார். சலோமியும் சிரிப்பாள். பிறகு குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்தது. நிற்கும்போது இஞ்ஞாசியின் மூச்சும் நின்றுவிடும். அவள் விக்கித் திணறி மறுபடி இழுத்த பிறகுதான் இவருக்கு உயிர் வரும். அதற்கப்புறம் அவர் அந்தக் கேலியைச் சொல்லவில்லை.

புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். தூங்க வைத்துச் சோதித்துவிட்டு, தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்கிற நோய் என்றார் டாக்டர். ஒரு மிஷின், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கை மூடுகிற மாஸ்க். தினமும் படுக்கும்போது போட்டுக்கொள்ள வேண்டும். "இவங்களுக்கு ஏற்கெனவே பிரஷர் இருக்கு. இதப் போடாம விட்டா மூளைக்கும் இருதயத்துக்கும் ஆபத்து" என்று டாக்டர் சொன்னார்.

மாட்டக் கற்றுக்கொடுத்த நர்ஸ் பராமரிப்பையும் சொன்னாள். மூக்கில் படுகிற ரப்பர் பகுதியைத் தினமும் குழந்தைகளுக்குப் போடும் சோப்பால் கழுவி, நன்றாக அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். வேறு எதையும் ஊற்றக் கூடாது. இஞ்ஞாசி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பஸ் ஏறி உட்கார்ந்ததும் மனைவியிடம் சொன்னார்:

"சோப்புல எந்தக் கிருமி சாவும்? அந்தப் பொண்ணுக்கு என்னா தெரியும்? கொரோனா அப்ப பூவம் செக்போஸ்ட்டுல வந்த வண்டிக்கெல்லாம் மருந்து அடிச்சவன் நானு."

"அவங்க சொன்னபடி செஞ்சிடுவோமேங்க" என்றாள் சலோமி.

"நீ மாட்டிக்கிட்டுத் தூங்கு. கழுவுறது என் பொறுப்பு."

பேச்சு அதோடு முடிந்தது. அந்த வீட்டில் சுத்தம் சம்பந்தப்பட்ட பேச்செல்லாம் அப்படித்தான் முடியும்.

முதல் வாரம் சலோமி தூங்கிய தூக்கத்தைப் பார்க்க வேண்டுமே! விடிந்ததும் முகம் தெளிந்து எழுந்து வந்தாள். தலைவலி போன இடம் தெரியவில்லை. அடுப்படியில் நின்று அவள் பாட்டை முணுமுணுக்க, இஞ்ஞாசி பின்கட்டில் குந்தி உட்கார்ந்து மாஸ்க்கைக் கழுவினார். அதற்கென்று ஒரு பச்சை பேசின். அதில் தண்ணீர் பிடித்து, கிருமிநாசினியை மூடியால் அளந்து ஊற்றுவார். அளந்த பிறகு, இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சாய்ப்பார். மாஸ்க்கை அதில் ஊறப்போட்டுவிட்டுச் செய்தித்தாள் படிப்பார். பிறகு எடுத்து உதறிக் கொடியில் மாட்டுவார். நல்ல தண்ணீரில் அலசுகிற வழக்கமே இல்லை. மருந்தை அலசிவிட்டால் அப்புறம் மருந்து எதற்கு என்பது அவர் கணக்கு.

ஓய்வு பெற்ற பிறகு அவர் அத்தனை உற்சாகமாக எந்த வேலையையும் செய்ததில்லை. போனில் ஓசூரிலிருந்து மகன் ஜாக்சன் அம்மாவைப் பற்றிக் கேட்டால், "மிஷின் பாதி, நான் பாதி" என்பார்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வருவதற்குள் சலோமியின் மூக்குத்தண்டு சிவந்தது. பிறகு மாஸ்க்கின் விளிம்பு படுகிற இடமெல்லாம் தடித்து அரித்தது. "புதுசுல அப்படித்தான் இருக்கும். தோல் பழவணும்ல" என்றார் இஞ்ஞாசி. எரிச்சல் தாங்காமல் அவள் படுக்கும் முன் முகத்தில் கிரீம் தடவிக்கொண்டாள். கிரீம் வழுக்கி மாஸ்க் நகர்ந்தது. ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. கசிகிறது என்று இஞ்ஞாசி பட்டையை இழுத்து இறுக்கினார். இறுக்க இறுக்க மூக்குத்தண்டில் தோல் வழண்டு புண்ணாயிற்று.

அந்த முகத்தோடுதான் அவள் சிலுவைப்பாதைக்குப் போய் நின்றாள். பவுடர் பூசியிருந்தாலும் கன்னத்து வளையம் தெரிந்தது. பாடகர் குழுப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், "வீட்டுல எதுவும் சண்டையாக்கா?" என்று கேட்டாள். சலோமி அதை வீட்டில் வந்து சொன்னபோது இஞ்ஞாசி விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் முன்வரிசையில் நிற்கவில்லை. தூணோரமாக நின்று பாட்டெடுத்தாள்.

"ரொம்ப எரியுதா? டாக்டருகிட்ட கேப்பமா?" என்று அவர் ஒரே ஒரு முறை கேட்டார். சலோமி அவரைப் பார்த்தாள், பின்கட்டில் இருந்த பச்சை பேசினைப் பார்த்தாள். எதையோ சொல்ல வந்தவள், "தவக்காலம்தானேங்க. ஒரு ஒறுத்தலா இருந்துட்டுப் போவுது" என்றாள்.

ஆண்டவர் பட்ட பாடுகளை நினைத்துக் கறியை விடுகிறவர்கள் உண்டு, காப்பியை விடுகிறவர்கள் உண்டு. தன் மனைவி மூக்குப் புண்ணை ஒப்புக்கொடுக்கிறாள் என்று இஞ்ஞாசிக்கு நெஞ்சு நெகிழ்ந்து போயிற்று. புண் என்றால் கிருமி; கிருமி என்றால் தன் இலாகா. மறுநாளிலிருந்து பேசினில் இன்னும் ஒரு மூடி கூடுதலாக விழுந்தது.

தவக்காலம் கழிந்து பாஸ்கா முடிந்தும் புண் ஆறவில்லை. ஆனால் வெயில் ஏறிய மாதத்தில் ஒருநாள் பார்த்தால் அவள் முகம் துப்புரவாக இருந்தது. "பாத்தியா? நான்தான் சொன்னேன்ல, பழவிடிச்சு!" என்று இஞ்ஞாசி கொண்டாடினார். சலோமி, "ஆமாங்க" என்றாள்.

நடந்தது வேறு. அவர் கண்ணயர்கிற வரைக்கும்தான் அவள் மாஸ்க்கைப் போட்டிருந்தாள். அதன் பிறகு கழற்றிக் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டு, மிஷினையும் நிறுத்திவிட்டுப் படுத்தாள். குறட்டை கேட்டு அவர் விழித்துவிடக் கூடாதென்று ஒருக்களித்துப் படுத்துப் பழகினாள். அவரும் முன்னைப்போல் அவள் மூச்சுக்குக் காது கொடுத்து விழித்திருக்கவில்லை, மிஷின் இருக்கிற தைரியத்தில் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். விடியும்முன் அவள் எழுந்து மாஸ்க்கைக் கொண்டுபோய்ப் பேசினில் போட்டுவிடுவாள். போடாத மாஸ்க்கை அவர் தினமும் பக்தியோடு மருந்தில் ஊறவைத்தார்.

தலைவலி திரும்பி வந்தது. அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே கண் சொருகியது. கோவிலில் பாட்டெடுக்க வேண்டிய இடத்தில் இரண்டொரு முறை தவறவிட்டாள். மாங்கனித் திருவிழா சமயத்து வெயில் அப்படி என்று இஞ்ஞாசி வெயில்மேல் பழியைப் போட்டார்.

வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்துபோகிறவர்கள் காரைக்கால் வழியாகச் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர்களுக்கு மோர் கொடுக்கப் போக வேண்டும் என்று சலோமி சொல்லியிருந்தாள். காலையில் இஞ்ஞாசி எழுந்தபோது அடுப்படியில் சத்தம் இல்லை. பேசின் காலியாக இருந்தது. அறைக்குள் திரும்பிப் பார்த்தார். கட்டில் கம்பியில் மாஸ்க் தொங்கியது. அதற்குக் கீழே சலோமி ஒரு பக்கம் வாய் கோணி, எழுந்திருக்க முடியாமல் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பக்கவாதம். உயிர் தப்பிவிட்டாள். வலது கையும் காலும் விளங்கவில்லை, நாக்கு புரளவில்லை. "இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "ஆனா மாஸ்க்க விடாம போட்டிருக்கணும். இனிமேயாவது ஒருநாள்கூட விடாதீங்க. இன்னொரு தடவ வந்தா தாங்க மாட்டாங்க."

ஆஸ்பத்திரியில் நர்சுகள் மாட்டிவிட்டார்கள், நர்சுகளே கழுவினார்கள். அங்கே சலோமி கழற்றவில்லை. வீட்டுக்கு வந்து சில நாட்களில் இடது கையால் பிய்த்துப் போட ஆரம்பித்தாள். நர்சுகளிடம் இருந்த பயம் தன்னிடம் இல்லை என்றுதான் இஞ்ஞாசி நினைத்தார். சீக்காளி இருக்கிற வீடு என்று அவர் மருந்தின் அளவை மேலும் கூட்டியிருந்ததை அவர் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அவர் மாட்டுவார், அவள் பிய்ப்பாள். மறுபடி மாட்டுவார், மறுபடி பிய்ப்பாள். "என்னைத் தனியா விட்டுட்டுப் போவணும்னு முடிவே பண்ணிட்டியா?" என்று ஒருநாள் கத்தினார். கத்திவிட்டுக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். சலோமியின் மூக்குத்தண்டு மறுபடி புண்ணாகியிருந்தது. அழுகிறவரை அவள் இடது கையால் தட்டிக்கொடுத்தாள்.

கல்லறைத் திருநாளுக்கு இஞ்ஞாசியின் தங்கை அனெத் பிரான்சிலிருந்து வந்தாள். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அப்பா அம்மா கல்லறைக்கு மாலை போட ஒரு சாக்கு, அண்ணியைப் பார்க்க வந்ததுதான் நிஜம். அவளுக்கும் இதே நோய். பல வருஷமாக மாஸ்க் போட்டுத்தான் தூங்குகிறாள். பெட்டியில் துணிமணிக்கு முன்னால் அந்த மிஷினைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் முகத்தை இஞ்ஞாசி உற்று உற்றுப் பார்த்தார். ஒரு தடம் இல்லை.

"ஒன் அண்ணிக்குத் தோல் ஒத்துக்கல அனெத்து. நான் எப்படிச் சுத்தமா வச்சிருக்கேன்னு வந்து பாரு. பிரான்சுலகூட இப்படிப் பண்ண மாட்டாங்க" என்று பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். பேசினிலிருந்து மாஸ்க்கை எடுத்துப் பெருமையாக நீட்டினார்.

அனெத் அதை வாங்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனவள், சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணே! என்னா ஊத்துனீங்க இதுல?"

"மருந்துதான். வேற என்னா?"

"இதையா அண்ணி மூக்குல மாட்டுறீங்க? கழுவிட்டு அலசுறதாவது உண்டா?"

"அலசினா மருந்து போயிடும்ல."

அனெத் அவர் கையைப் பிடித்து அறைக்குள் அழைத்துவந்தாள். அண்ணி கூடத்து நாற்காலியில் இருந்தாள். கட்டில் காலியாக இருந்தது.

"நீங்க ஒரு தரம் போட்டுக்கிட்டுப் படுங்கண்ணே."

"எனக்கு எதுக்கு?"

"போடுங்களேன்."

இத்தனை மாதத்தில் அவர் அந்த மாஸ்க்கை ஒரு தடவைகூடத் தன் முகத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அனெத், அவர் சலோமிக்கு இறுக்குகிற அளவுக்கே பட்டையை இறுக்கி மிஷினை ஓடவிட்டாள். காற்று வந்தது. காற்றோடு வந்தது அவர் ஆயுள் முழுக்கச் சுத்தம் என்று நினைத்திருந்த வாடை. தெருவில், சாக்கடையோரம், திறந்த வெளியில் முகர்ந்த வாடை அல்ல. மூக்குக்குள்ளேயே ஊற்றியதுபோல் இறங்கியது. தொண்டை காந்தியது. கண்ணில் நீர் முட்டியது. ரப்பர் பட்ட இடம் முதலில் குறுகுறுத்தது, பிறகு எரிந்தது. ஒரு செபமாலையில் பாதி சொல்லும் நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

எறிந்த கையைப் பார்த்தார். சலோமியும் இப்படித்தான் எறிந்தாள். அதற்குத்தான் அவர் கத்தினார்.

அனெத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அவள் பாட்டுக்குத் தான் வீட்டில் செய்வதைச் சொன்னாள், செய்தும் காட்டினாள். மருந்து ஊறிய ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவரச் செய்தாள். குழந்தை சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு வழுவழுப்பு போகும்வரை அலசல், நிழலில் உலர்த்தல். படுக்கும் முன் அண்ணியின் முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி ஈரம் போக ஒற்றி எடுத்தாள். கிரீம் எல்லாம் காலையில், மாஸ்க்கைக் கழற்றிய பிறகுதான். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற தளர்ச்சி இருக்க வேண்டும் என்று அண்ணன் விரலையே நுழைத்துக் காட்டினாள். புண் ஆறும்வரை அதன்மேல் ரப்பர் நேராகப் படாமலிருக்கப் பழைய பருத்தி வேட்டியில் ஒரு துண்டு வெட்டி விளிம்பில் வைத்தாள்.

இதில் பாதியை அந்த நர்ஸ் பெண் அன்றைக்கே சொல்லியிருந்தாள். இஞ்ஞாசிக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவுக்கு வந்தது.

அன்று சலோமி மாஸ்க்கைப் பிய்க்கவில்லை. அடுத்த நாளும் பிய்க்கவில்லை. அனெத் ஊர் திரும்புவதற்குள் மூக்குத்தண்டில் புண் காய்ந்து பக்கு உதிர்ந்தது. உள்ளே இளஞ்சிவப்பாகத் தோல் கட்டியிருந்தது. கிளம்பும்போது அனெத் அண்ணனைத் தனியாக அழைத்து, "அண்ணிகிட்ட நான் எதுவும் சொல்லல. சொல்ல வேண்டியது நீங்கதான்" என்றாள்.

இஞ்ஞாசி நாட்களைக் கடத்தினார். மருந்துப் பாட்டில்களையெல்லாம் கொல்லைக் கடைசிக்குக் கொண்டுபோய்ப் போட்டார். தெருவில் சாக்கடை அடைத்தது. 'பிளீச்சிங் சார்' வெளியே வரவில்லை. கோவிலில் வேறொருத்தி பாட்டெடுப்பது ஒலிபெருக்கியில் கேட்டது. அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். சலோமி திற என்று கையைக் காட்டினாள். திறந்துவிட்டு அங்கேயே நின்றார். அவள் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்க அவரால் முடியவில்லை.

ஒரு காலையில் சலோமியைப் பின்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, அவர் குழாயடியில் குந்தி மாஸ்க்கை அலசிக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

"சலோமி, அந்தப் புண்ணு மிஷினால வரல. ஒன் தோலாலயும் வரல. நான் ஊத்துன மருந்தால வந்துது. அதுக்காவத்தான் நீ கழட்டிப் போட்டே. எல்லாம் என்னாலதான்."

பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தாலும், அவளுக்கு இப்போதெல்லாம் ஒரு சொல்லைத் தேடி எடுத்து நாக்கில் வைக்கவே நேரம் பிடிக்கும்.

"தெ...ரியும்."

இஞ்ஞாசி திரும்பினார். "என்னா தெரியும்?"

"வாடை." மூக்கைத் தொட்டுக் காட்டினாள். "மொதல்லேந்தே."

"தெரிஞ்சா ஏம்மா சொல்லல? வாயில்லயா ஒனக்கு அப்ப?" கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

சலோமிக்குக் கோபம் வரவில்லை. சொற்களை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சேர்த்தாள். "ரிட்டையர் ஆயி... சும்மா... உக்காந்திருந்தீங்க. அத... ஆசையா... செஞ்சீங்க."

இஞ்ஞாசியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒறுத்தல் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் யாருக்காகப் பொறுத்துக்கொண்டாள் என்பதை அன்று அவர் கொஞ்சம்கூடப் புரிந்துகொள்ளவில்லை.

"இருந்தாலும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

சலோமி அவரையே பார்த்தாள். இந்த முறை சொற்கள் அவ்வளவு சிரமப்படாமல் வந்தன.

"சொன்னா... கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருப்பேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்தது. பஸ்ஸில் அவள் சொன்னதும், அவர் அதை அத்தோடு முடித்ததும் குறுக்கே வந்து நின்றன. ஊர் முழுக்கப் போய், குறை இருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள் என்று ஆயுள் பூராவும் சொன்ன மனுஷன். சொந்த வீட்டில், முகம் புண்ணாகிப்போன ஒருத்தி அதைச் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறாள். குனிந்த தலையை, 'இல்லை' என்று அசைத்தார்.

அவர் கையில் மாஸ்க் அப்படியே இருந்தது. அதன்மேல் தண்ணீர் வீணாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"குழாய்" என்றாள் சலோமி, இடது கையை நீட்டிக் காட்டி.

இஞ்ஞாசி உடனே குழாயை மூடினார்.